ஒரு மணிக்கு மேல் மெஷினைத் தொடாதவர்

பெயர், வயது, தொழில், முகவரி கேட்கப்பட்டன. என் பெயரும் வீட்டு எண்ணும் கீழ்வீட்டுக்காரரின் புகாரிலேயே பிழையில்லாமல் எழுதப்பட்டிருக்கின்றன, அதையே வைத்துக்கொள்ளலாம். வயது ஐம்பத்தொன்பது. போல்ட், நட்டு செய்யும் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். அங்கே என் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, 'ரிஜெக்ட் அக்கா' என்று கேட்டால் வாசல் காவலாளிகூடக் கை காட்டுவார். இதை எல்லாம் எழுத வேண்டுமா என்று இந்தக் காவல் நிலைய எழுத்தர் கேட்டார். எழுதத்தான் வேண்டும். நான் யாரையும் லேசில் மெச்சுகிறவள் இல்லை என்பது இந்த வாக்குமூலத்துக்கு மிகவும் தேவை.

மேற்படி அடுக்குமாடிக் கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் நானும் என் கணவரும் மட்டும் குடியிருக்கிறோம். அவர் அதே தொழிற்சாலையில் படம் வரையும் பிரிவில் இருந்தவர். அவர் வரைந்த போல்ட்டைத்தான் நான் முப்பது வருடம் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். நான்கு மாதத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன, பேச்சு ஒரு சொல், இரண்டு சொல் என்று சுருங்கிவிட்டது. முதல் தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த ஒன்பதாவது நாள், படுக்கையறைத் தரைக்கல்லில் வழுக்கி விழுந்தார். அதன் பிறகு நான் அங்கே ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டேன். அந்த விரிப்பின் ஓரம் தடுக்கி மறுபடியும் விழுந்து இடுப்பில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்கே திரும்பினார். அந்த விரிப்பைப் போட்டது நான்தான் என்பதையும் எழுதிக்கொள்ளவும்.

அதன் பிறகு அவருக்கு நடைப்பயிற்சி கொடுக்கும் பெண், படுக்கையறைக்கு மரத்தரை போட்டால் வழுக்காது, ஆனால் ஹாலிலிருந்து அறைக்குள் போகும் வாசலில் ஒரு தீக்குச்சி உயரம்கூட மேடு இருக்கக் கூடாது என்று சொன்னார். கல்லின் மேலேயே மரத்தைப் போட்டால் மேடு வரும். ஆகவே அறைக்குள் இருக்கும் கல்லை எடுக்க வேண்டும், ஹாலில் இருக்கும் கல்லை விட்டுவைக்க வேண்டும். ஆனால் கல் ஹாலிலிருந்து அறைக்குள் ஒரே ஓட்டமாகப் போகிறது. வாசலுக்கு நேர் கீழே இணைப்பு எதுவும் இல்லை, ஒரு முழுக் கல் பாதி வெளியிலும் பாதி உள்ளேயுமாகக் கிடக்கிறது. ஒட்டிக் கிடக்கும் கல்லை இருக்கிற இடத்திலேயே அறுக்க வேண்டும். அந்தக் கல் இப்போது எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை, எங்களிடம் மிச்சமும் இல்லை, ஹால் பக்க விளிம்பு தெறித்தால் மாற்றுக்கு வழியில்லை. மூன்று பேரைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஒருவர் வாசலில் பித்தளைப் பட்டை அடித்துவிட்டால் எல்லாம் மறைந்துவிடும் என்றார். பட்டை என்றால் மேடு. அவரை அனுப்பிவிட்டேன். இன்னொருவர் "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்றார். அந்தச் சொல்லைத் தொழிற்சாலையில் கேட்டாலே எனக்கு ஜன்னி வரும். அவரையும் அனுப்பிவிட்டேன்.

மூன்றாவதாக வந்தவர்தான் இப்போது உங்கள் நிலையத்தில் வைக்கப்பட்டிருக்கும் கல் வெட்டுபவர். தொழிலில் இருக்கிறவர்கள் அவரை 'அரைநூல்' என்று கூப்பிடுகிறார்கள். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை அந்தத் தொழிலில் ஒரு நூல் என்பார்கள், அதிலும் பாதிக்கு மேல் அவர் கை தவறாது என்பதால் அந்தப் பெயர். சென்ற திங்கட்கிழமை காலை வந்தார். வாசலில் குனிந்து பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. "கீழ் வீட்டுல யார் இருக்காங்க?" என்று கேட்டார். கடிகாரம் பழுது பார்க்கிறவர், தனியாக இருக்கிறார், வீட்டிலேயே மேஜை போட்டு வேலை செய்கிறார் என்று சொன்னேன். உடனே கீழே போய்விட்டார். வேலையைப் பார்க்கச் சொன்னால் ஊர் சுற்றப் போகிறாரே என்று எரிச்சலோடு நானும் பின்னாலேயே இறங்கினேன்.

அங்கே அவர் கடிகாரக்காரரிடம் அனுமதி கேட்டு ஒரு முக்காலியில் ஏறி, கூரையை விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டார். கடிகாரக்காரரின் மேஜைக்கு நேர் மேலே ஒரு பாய் அகலத்துக்குச் சத்தம் மாறியது, அது என் காதுக்கே தெரிந்தது. அதன் பிறகு இறங்கி, கைகளைத் துடைத்துக்கொண்டு, "ஐயா, மேல்பூச்சு இந்த இடத்துல கூரையை விட்டுருச்சு. எப்ப வேணா விழும். பூசுறவரைக் கூப்பிட்டுத் தட்டி எடுத்துருங்க" என்றார். கடிகாரக்காரர், அது பத்து வருடமாக அப்படியேதான் இருக்கிறது என்றார். அதற்கு இவர் சொன்னதை நான் அப்படியே சொல்கிறேன், அப்படியே எழுதிக்கொள்ளவும்: "சரிங்க. அப்ப ஒரு ஏற்பாடு. காலைல பத்துல இருந்து ஒரு மணி வரைக்கும் மேஜையை அந்தச் சுவர் ஓரமாத் தள்ளிக்கங்க. ஒரு மணிக்கு மேல நான் மெஷினைத் தொடமாட்டேன், சுத்தியலையும் தொடமாட்டேன். அப்புறம் நீங்க உங்க இடத்துல நிம்மதியா உக்காரலாம்." கடிகாரக்காரர் சம்மதித்தார். புதன், வியாழன் இரண்டு நாளும் இரண்டு பேரும் இதன்படியே நடந்தார்கள். காலை பத்துக்கு இவர் கீழே போய் மேஜையைத் தள்ளிக் கொடுப்பார், ஒரு மணிக்குப் போய்த் திரும்ப இழுத்துக் கொடுப்பார். சம்பவத்துக்கு வரும்படி எழுத்தர் சொன்னார். இதுதான் சம்பவம். இதை விட்டுவிட்டால் மிச்சத்தில் ஒன்றும் இல்லை.

செவ்வாய்க்கிழமை அவர் அளவு மட்டும் எடுத்தார். கோடு ஹால் பக்கத்துக் கதவு முகத்தோடு சேர்ந்து வர வேண்டும் என்று நான் மூக்கை நுழைத்தேன். அவர் மறுத்துப் பேசவில்லை. கதவைச் சாத்திவிட்டு, என்னை ஹாலில் உட்கார வைத்து, கதவடியில் டார்ச் வெளிச்சத்தைப் பிடித்தார். "கதவைச் சாத்தினா உங்க பக்கம் கல்லு மட்டும் தெரியணும், அந்தப் பக்கம் மரம் மட்டும் தெரியணும். அப்ப கோடு கதவோட கனத்துக்கு நடுவுல ஒளிஞ்சிருக்கணும்மா" என்றார். உடனே ஒப்புக்கொண்டேன். என் கணவர் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார், நான் ஒருவர் சொன்னதை உடனே ஒப்புக்கொள்வதை அவர் கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு, மேஜையைத் தள்ளிக் கொடுத்துவிட்டு வந்து வேலையைத் தொடங்கினார். வாசலில் காகித நாடா ஒட்டி, அதன் மேல் கூர்மையான பென்சிலால் கோடு போட்டு, கோட்டை ஒட்டி ஓர் இரும்புச் சட்டத்தைத் தரையில் அசையாமல் பிடிக்க வைத்தார். குளியலறை வாசலில் கல்லின் கனம் வெளியே தெரிகிற இடத்தில் அளந்து, ஒன்பது மில்லிமீட்டர் என்று கண்டு, அதற்கு மேல் இறங்காதபடி பிளேடுக்குக் கட்டை வைத்தார். "கல்லு மட்டும்தான் எனக்கு. அதுக்குக் கீழ என்ன ஒயர் போகுதோ, என்ன குழாய் போகுதோ, அது வீட்டோட சொந்த விஷயம்" என்றார். அதன் பிறகு தூசி உறிஞ்சும் குழாயை மெஷினோடு பொருத்தி, முதல் ஓட்டத்தில் கல்லின் மினுமினுப்பை மட்டும் கீறினார். நகத்தால் கீறிய அளவுக்குத்தான் ஆழம். அதன் பிறகு நான்கு ஓட்டம், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக. ஓட்டத்துக்கு நடுவில் நின்று பிளேடை ஆற விட்டார். அறை முழுக்கப் புகை மண்டலமாகும் என்று நான் ஹாலில் இருந்த எல்லாவற்றுக்கும் போர்வை போர்த்தியிருந்தேன். ஒரு போர்வையைக்கூட உதற வேண்டியிருக்கவில்லை.

அவர் போன பிறகு நான் தரையில் படுத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, என் பழைய வெர்னியர் அளவுகோலை வைத்து அந்தக் கோட்டை ஏழு இடத்தில் அளந்தேன். குறை கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் அளந்தேன், அதை மறைக்கவில்லை. கிடைக்கவில்லை. விளிம்பில் ஒரு கடுகளவு தெறிப்பு இல்லை. முப்பத்தொரு வருடத்தில் எத்தனையோ சாமானுக்கு 'பாஸ்' முத்திரை குத்தியிருக்கிறேன், ஒன்றையாவது மனதாரக் குத்தினேனா என்பது சந்தேகம். அன்றைக்கு அந்தக் கோட்டுக்கு, பக்கத்தில் யாரும் இல்லாதபோது, வாய்விட்டே "பாஸ்" என்று சொன்னேன்.

வியாழக்கிழமை காலை மூலை வேலை. பிளேடு வட்டமானது, கதவு நிலையின் மூலைக்குள் அது போகாது, இரண்டு பக்கமும் நான்கு விரல் அகலம் அறுபடாமல் நிற்கும். மற்றவர்கள் அந்த இடத்தில்தான் சுத்தியலால் ஒரு போடு போட்டு மொத்தத்தையும் கெடுப்பார்கள் என்று அவரே சொன்னார். அவர் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, ஒரு சிறு உளியாலும் அரத்தாலும், பக்கத்துக்கு ஒரு மணி நேரம், பல் குத்துகிற மாதிரி அந்த நான்கு விரலையும் எடுத்தார். அதற்கு முந்தின நாளே கோட்டிலிருந்து மூன்று விரல் உள்ளே தள்ளி இன்னொரு கோடும் அறுத்து வைத்திருந்தார். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்த அந்தப் பட்டையை நடுவிலிருந்து நெம்பி எடுத்தார். அது போய்விட்டால் உள்ளே என்ன செய்தாலும் அதிர்ச்சி ஹால் கல்லுக்கு வராது என்று விளக்கினார். அறையின் மீதிக் கல்லையும் அடிக்காமல், ஒவ்வொன்றாகக் குறுக்கே அறுத்து நெம்பித்தான் எடுக்க வேண்டும், அதற்கு இன்னும் மூன்று நாள் ஆகும் என்றார். கணவர் அடுத்த செவ்வாய்க்கிழமை வருவதாக இருந்ததால் நானும் சரி என்றேன்.

ஒரு மணி அடித்தது. பட்டையின் கடைசித் துண்டு கையிலேயே இருந்தது, அதைக்கூடக் கீழே போடாமல் மெதுவாக வைத்தார். மெஷினைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டார். பிளேடு தேய்ந்துவிட்டது, மாற்றிக்கொண்டு நாலு மணிக்கு வந்து அறையைப் பெருக்கி வைக்கிறேன் என்றார். வாசலில் நின்று, "அம்மா, நான் இல்லாதப்ப இதுல யாரும் கை வைக்க வேணாம். கீழ அவர் உக்காந்திருப்பாரு" என்றார். அதன் பிறகு கீழே போய் மேஜையை இழுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். மேஜைக்கால் தரையில் தேயும் சத்தம் எனக்குக் கேட்டது. மெஷின் அவரோடு போய்விட்டது என்பதையும், ஒரு மணிக்குப் பிறகு அந்த வீட்டில் நான் ஒருத்திதான் இருந்தேன் என்பதையும் தனியாகக் குறிக்கவும்.

ஒன்றரை மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. படுக்கை வேண்டியிருக்கிறதாம், கணவரை மறுநாள் வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கே அனுப்பிவிடுவார்களாம். செவ்வாய்க்கிழமை என்றுதானே சொன்னீர்கள் என்று கேட்டேன். கேட்டுக்கொண்டிருக்கும்போதே போன் வைக்கப்பட்டது. அதன் பிறகு நான் அறைக்குள் போய் நின்றேன். வாசலில் மூன்று விரல் பள்ளம், அதற்கு அப்பால் எடுக்காத கல். இரண்டு தடவை விழுந்த மனிதர் மூன்றாவது தடவை விழுவது என் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வாசலை ஒட்டிய நான்கு கல்லையாவது நானே எடுத்துவிட்டால், கல் வெட்டுபவர் வந்ததும் மிச்சத்தை ஒரே நாளில் முடித்துவிடுவார் என்று ஒரு கணக்குப் போட்டேன். பரணிலிருந்து கணவரின் சம்மட்டியை எடுத்தேன்.

இரண்டு மணி இருபது நிமிடத்துக்கு முதல் அடி அடித்தேன். கல் அசையவில்லை. அதன் பிறகு ஓங்கி ஓங்கி அடித்தேன். ஆறாவது அடியில் ஒரு கல் உடைந்தது. எனக்கு வெறி பிடித்தது போலாகிவிட்டது, மூன்று கல்லை உடைத்தேன். கீழே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். தெரிந்தேதான், ஒன்றும் ஆகாது என்று நினைத்து அடித்தேன். பன்னிரண்டாவது அல்லது பதின்மூன்றாவது அடியில் கீழே மூட்டை விழுந்தது போல ஒரு சத்தமும், அதன் பிறகு கடிகாரக்காரர் கத்துவதும் கேட்டன. ஓடிப் போய்ப் பார்த்தேன். அவர் மேஜையின் மேல் கவிழ்ந்திருந்தார். பூச்சு பலகை பலகையாக அவர் தோளிலும் தரையிலும் கிடந்தது. அவருக்கு வலது பக்கக் காறை எலும்பு உடைந்திருப்பதாகப் பின்னால் தெரிந்தது. அவர் வேலை செய்கிற கை அந்தப் பக்கம்தான். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தது நான்தான். என்ன நடந்தது என்று அவரிடம் சொல்லவில்லை. அவர் முனகிக்கொண்டே, "ஒரு மணிக்கு மேல தொடமாட்டேன்னு சொன்னானே, வாக்கு குடுத்தானே" என்றார். அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து கொடுத்த புகாரில், கல் வெட்டுபவர் வாக்குக் கொடுத்துவிட்டு அதை மீறினார் என்று எழுதியிருப்பது அந்தச் சத்தத்தைக் கேட்ட மனிதர் நம்பியது. அதில் அவருடைய தவறு எதுவும் இல்லை.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கல் வெட்டுபவர் புது பிளேடோடு வந்தார். நான் கதவைத் திறந்ததும், "நாளைக்கே வர்றாராம்" என்று மட்டும்தான் சொன்னேன். அவர் அறையைப் பார்த்தார், சம்மட்டியைப் பார்த்தார், முழங்கை வரை வெள்ளையாயிருந்த என் கையைப் பார்த்தார். குனிந்து ஹால் பக்கத்து விளிம்பை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தார். நிமிர்வதற்குள் உங்கள் காவலர் ஒருவர் மாடியேறி வந்து, இங்கே வேலை செய்தது யார் என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். என்னைக் கொண்டுபோய்விட்டால் நாளைக்குப் பதினொரு மணிக்குக் கணவரை வண்டியிலிருந்து யார் இறக்குவார்கள் என்ற ஒரே நினைப்புதான் இருந்தது. அதற்குள் கல் வெட்டுபவர், "வேலை எடுத்தவன் நான். இந்த அறையில நடந்ததுக்கு நான்தான் பதில் சொல்லணும்" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. பையைச் சுவரோரமாக வைத்துவிட்டுக் காவலரோடு இறங்கிப் போனார். எனக்கு அவர் மேல் மரியாதை என்று சொன்னால் அது குறைவு. என் மேல் வெறுப்பு என்று சொன்னாலும் குறைவுதான்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கணவரும், துணைக்கு வந்த நாத்தனாரும் வந்து சேர்ந்தார்கள். ஹாலிலேயே கட்டிலைப் போட்டிருந்தேன். அவர் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு அறை வாசல் வரைக்கும் வந்து நின்றார். உடைந்த கல்லை அவர் பார்க்கவில்லை. அறுத்த கோட்டைத்தான் பார்த்தார், இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் பார்த்தார். முப்பது வருடம் ஸ்கேல் பிடித்துக் கோடு போட்டவர். "யாரு?" என்றார். நான் சொல்லத் தொடங்கினேன், கல் வெட்டுபவரைப் பற்றி மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் தொடங்கினேன், ஆனால் நிறுத்த முடியவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நாத்தனார், "அண்ணி, அவரே ஒத்துக்கிட்டாரே, நீங்க ஏன் போய் வாயைக் குடுக்கறீங்க? அண்ணனை யார் பாக்கறது?" என்று கேட்டாள். கணவர் வலது கையை நடைவண்டியிலிருந்து எடுத்து வாசலைக் காட்டி, "போ" என்றார்.

அப்படியும் நான் உடனே வரவில்லை. நாத்தனாருக்கு மாத்திரை வேளை சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டு வெள்ளிக்கிழமையைக் கழித்தேன். சனிக்கிழமையாகிய இன்று காலைதான் வந்தேன். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கடிகாரக்காரரிடம் நேரில் சொல்லிவிட்டு வந்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அது அவருடைய உரிமை. நான் எழுந்து வரும்போது, திரும்பாமலேயே, "அப்ப அவன் தொடல" என்றார். "தொடல" என்றேன்.

இந்த நிலையத்துக்குள் வரும்போது கல் வெட்டுபவர் வெளிப் பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "சார் வந்துட்டாராம்மா?" என்று கேட்டார். வந்துவிட்டார், ஹாலில் படுத்திருக்கிறார் என்றேன். "அந்த விளிம்பு ஓரமா ஒரு பலகையைப் போட்டு வைங்கம்மா. தெரியாம கால் இறங்கிரும்" என்றார்.

இது முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. 'சுமார் ஒன்பது மில்லிமீட்டர்' என்று எழுதியிருந்ததில் 'சுமார்' என்பதை எடுக்கச் சொன்னேன், எடுக்கப்பட்டது. யாரும் என்னை மிரட்டவில்லை, யாரும் ஆசை காட்டவில்லை. சொன்னதெல்லாம் நடந்தது, நடந்ததில் எதையும் நான் விட்டுவைக்கவில்லை. கையெழுத்துப் போடும் இடத்தில் 'சாட்சி' என்று அச்சடித்திருந்தது. அதை மாற்றும்படி கேட்டேன். அது அச்சடித்த தாள், மாற்ற முடியாது என்று எழுத்தர் சொன்னார். அவருடைய பேனாவை வாங்கி, அந்தச் சொல்லை நானே அடித்துவிட்டு, மேலே 'செய்தவள்' என்று எழுதி, அதற்கு நேர் கீழே என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன்.